ஆறு மாதம் மண்ணுக்குள்: ஒட்டாவா டியூலிப் பூக்களின் கதை



உங்கள் சமையலறை மேடையில் யாராவது ஒரு டியூலிப் கிழங்கை வைத்துவிட்டுப் போனால், கொஞ்சம் பெரிய சாம்பார் வெங்காயம் என்று நினைத்து எடுத்துத் தோலுரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதே பழுப்புத் தோல், அதே கூர்மையான நுனி, அடியில் அதே வேர்த் தழும்பு. உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. 1562-ஆம் ஆண்டு வாக்கில் ஆண்ட்வெர்ப் நகரத்துத் துணி வியாபாரி ஒருவர் செய்ததும் இதுதான். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கப்பலில் வந்த துணி மூட்டைகளுக்குள் சில கிழங்குகள் கிடந்தன. துருக்கிக்காரர்களின் வெங்காயம் போலிருக்கிறது என்று நினைத்து, சிலவற்றைத் தணலில் சுட்டு, எண்ணெயும் வினிகரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார். மிச்சத்தைக் காய்கறித் தோட்டத்தில் புதைத்து வைத்தார். அவற்றில் பல கவனிப்பாரில்லாமல் அழிந்துபோயின. செடி கொடிகளில் ஆர்வமுள்ள இன்னொரு வணிகர் பார்த்துச் சிலவற்றைக் காப்பாற்றினார்.

தின்பதா, நடுவதா என்ற இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது வெறும் அறியாமை. 380 ஆண்டுகள் கழித்து, பக்கத்து நாட்டில், அதே கேள்வி உயிர் போகும் கேள்வியாக வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். மே மாதத்தில் மலரும் பூவைப் பற்றி ஆண்டுக் கடைசி இதழில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பூவுக்கான வேலை நடப்பது இப்போதுதான். குளிர் நாடுகளில் மண் உறைந்து கல்லாவதற்குள் கிழங்கை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும்.

டியூலிப் என்றதும் நாம் ஹாலந்து என்கிறோம். அது அந்த நாட்டுக்குச் சொந்தமான செடியே இல்லை. நடு ஆசியாவின் மலைச் சரிவுகளில், கடுங்குளிரும் வறண்ட கோடையும் உள்ள இடங்களில் தானாக வளர்ந்தது. பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், காபூலைச் சுற்றிய மலையடிவாரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட டியூலிப் வகைகளை எண்ணச் சொன்னதாக எழுதியிருக்கிறார். போருக்குப் போன இடத்தில் பூ எண்ணிய மனிதர் அவர்! துருக்கிச் சுல்தான்களின் தோட்டங்களில் அது அரசமலர் ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று.

ஹாலந்தில் அது வேரூன்றியதற்கு ஒரு முதியவரைக் காரணமாகச் சொல்வார்கள். பெயர் கரோலஸ் குளூசியஸ். மேலே சொன்ன வெங்காயக் கதையை எழுதிவைத்தவரும் அவர்தான். வியன்னாவில் பேரரசரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாவர அறிஞர். 1593 இலையுதிர் காலத்தில், அறுபத்தேழு வயதில், லைடன் பல்கலைக்கழகத்தின் புதிய தோட்டத்தை அமைப்பதற்காக வந்து சேர்ந்தார். கூடவே தம் கிழங்குகளையும் கொண்டுவந்தார். மறு ஆண்டு, 1594 வசந்தத்தில் அவை பூத்தன. அந்த நாட்டின் டியூலிப் வரலாறு அன்றிலிருந்து தொடங்குவதாகவே இன்றும் கணக்கு வைக்கிறார்கள். அவர் கிழங்குகளை எளிதில் யாருக்கும் விற்கவில்லை. இரவில் வந்து தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் குடியிருப்பில் ரோஜாத் தொட்டி காணாமல் போனதாகப் புகார் எழுதுகிறவர்கள், தங்களுக்கு முன்னால் ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்று ஆறுதல் கொள்ளலாம்.

இங்கே கொஞ்சம் தாவரப் பாடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கதையின் கனம் புரியாது. பள்ளிப் புத்தகத்தில் இதைக் குமிழம் என்பார்கள். நாம் கிழங்கு என்றே சொல்லிக்கொள்வோம். வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்கான சதைப்பற்றுள்ள இலைகள்தான் அது. அவற்றில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். பூத்து முடிந்த செடியின் இலைகள் கோடையில் பழுத்துக் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்து உலர்த்தி வைப்பார்கள். சும்மா கிடப்பதுபோல் தோன்றும் அந்த மாதங்களில்தான் அடுத்த ஆண்டின் பூ உள்ளே உருவாகிறது. அக்டோபரில் ஒரு கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவில் மிகச் சின்னதாக மொட்டு இருக்கும். நடுவதற்கு முன்பே பூ உள்ளே தயார்.

ஆனால் அது வெளியே வர வேண்டுமானால் குளிர் வேண்டும். ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள், 9 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே. அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, தண்டு நீள்வதற்கான ஆயத்தம் நடக்கிறது. குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும். அல்லது மொட்டு தரையோடு தரையாக முடங்கிப்போகும். பனி அந்தச் செடிக்கு எதிரி என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் பனி இல்லாவிட்டால் பூவே இல்லை. நம் மார்கழி, டியூலிப்புக்குக் கோடை மாதிரி. டெல்லியில் பிப்ரவரியில் சாலையோரம் பூக்கும் டியூலிப்கள் ஏற்கெனவே குளிரூட்டப்பட்ட கிழங்குகளாக நெதர்லாந்திலிருந்து வருகிறவை. ஸ்ரீநகரில் தால் ஏரிக் கரையிலுள்ள பெரிய தோட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே பனிக்கு முன் நட்டுவிட்டால் மார்ச் கடைசியில் மலை அடிவாரமே நிறம் மாறிவிடுகிறது.

இங்கேயே முயன்று பார்க்க வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரூட்டலாம்தான். ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வைக்காதீர்கள். பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளேயிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அப்படியே பூத்தாலும் நம் வெயிலில் சில நாள்தான். மறு ஆண்டு அதே கிழங்கிலிருந்து பூவை எதிர்பார்க்காதீர்கள்.

குளிர் நாட்டு வழக்கம் எளிது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்துக்குக் குழி, நுனி மேல்பக்கம், மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். மண் உறைவதற்குள் வேர் விட்டுக்கொள்ளும். பிறகு ஆறு மாதம் மேலே ஒன்றும் தெரியாது. நட்ட இடமே மறந்துபோகும். அணில்கள் மறக்காது; கனடாவில் தோட்டம் வைத்திருக்கிற நம் பிள்ளைகளைக் கேட்டால் அழாக்குறையாகச் சொல்வார்கள். நமக்குப் பெருச்சாளி மாதிரி அவர்களுக்கு அணில்.

மேலே ஒன்றும் தெரியாத இந்த ஆறு மாதத்தை வைத்துத்தான் 1636-37 குளிர்காலத்தில் ஹாலந்தில் அந்தப் பிரபலமான வியாபார வெறி நடந்தது. கிழங்கோ மண்ணுக்குள், கைமாறியதோ வெறும் சீட்டு. டச்சுக்காரர்களே அதற்குக் காற்று வியாபாரம் என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தைக் காட்டி முன்பதிவுப் பணம் வாங்கும் மனை வியாபாரத்தைப் பார்த்த நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1637 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹார்லெம் நகரில் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. நாடே திவாலானது, வணிகர்கள் கால்வாயில் குதித்தார்கள் என்பதெல்லாம் பின்னாளில் ஊதிப் பெருக்கியது. ஆன் கோல்ட்கார் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் துருவிப் பார்த்து, அப்படிப் பெரிய அழிவு எதுவும் நடக்கவில்லை என்று 2007-இல் எழுதினார். என்னைக் கேட்டால், டியூலிப் என்றதும் எல்லாரும் இந்தக் கதையையே சொல்வது அந்தப் பூவுக்குச் செய்யும் அநியாயம். அதைவிடப் பெரிய கதை அதே மண்ணில், பாட்டன் காலத்தில் நடந்திருக்கிறது.

1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தன. ஐந்து நாளில் நாடு பணிந்தது. அரசி வில்ஹெல்மினா லண்டனுக்குப் போய் அங்கிருந்து அரசாங்கத்தை நடத்தினார். ஒரே மகளான இளவரசி ஜூலியானா, ஜூன் மாதத்தில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு அட்லாண்டிக் கடந்து கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கணவர் பெரும்பாலும் லண்டனில். அவர் வந்து பார்த்துப்போன நாட்களைத் தவிர, வாடகை வீட்டில், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடைக்குப் போய் வந்து, சாதாரணக் குடும்பப் பெண்ணைப் போலவே அந்த ஊரில் வாழ்ந்தார்.

1943 ஜனவரி 19-ஆம் தேதி, ஒட்டாவா சிவிக் மருத்துவமனையில் மூன்றாவது பெண் பிறந்தாள். பிறப்பதற்கு முன்பே ஒரு சட்டச் சிக்கல். கனடா மண்ணில் பிறக்கும் குழந்தை அன்றைய சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜையாகிவிடும். டச்சு அரியணைக்கு வாரிசாக வரக்கூடிய குழந்தைக்கு வேறு நாட்டுக் குடியுரிமை ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஆண் குழந்தையாக இருந்தால் தாய்க்கு அடுத்த வாரிசே அவன்தான். எனவே கனடா அரசு 1942 டிசம்பர் கடைசியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இளவரசியின் பிரசவம் நடக்கும் இடம் அந்த நேரத்துக்குக் கனடாவின் ஆட்சி எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். அந்த அறை டச்சு நாட்டு மண்ணாக அறிவிக்கப்பட்டது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். இணையத்திலும் அப்படித்தான் உலவுகிறது. அது சரியில்லை. கனடா தன் உரிமையை விலக்கிக்கொண்டது, அவ்வளவுதான். பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு டச்சுக் குடியுரிமை தானாகக் கிடைத்தது. நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், ‘எங்கள் மண் இல்லை’ என்று ஒரு நாடு அன்போடு சொல்வது அபூர்வம் என்பதுதான்.

அன்று கனடா நாடாளுமன்றத்தின் கோபுரத்தில் டச்சுக் கொடி பறந்தது. குழந்தைக்கு மார்கிரீட் என்று பெயர். வெள்ளை இதழ்களும் மஞ்சள் நடுவும் கொண்ட சின்ன மலரின் பெயர் அது. ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களின் அடையாளமும்கூட. ஆக, இந்தக் கதையில் முதலில் அட்லாண்டிக் கடந்து வீட்டுக்குப் போன பூ, ஒட்டாவாவிலிருந்து நெதர்லாந்துக்குப் பெயராகப் போன பூ.

அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்த மக்களுக்கு அடுத்த ஆண்டில் என்ன காத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் ரைன் ஆற்றுப் பாலங்களைப் பிடிக்கப் பாராசூட்டில் இறங்கின. அவர்களுக்கு உதவியாக, லண்டனிலிருந்த அரசின் அழைப்பை ஏற்று, ஏறத்தாழ 30,000 டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரத்தில் போர் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆர்ன்ஹெம் பாலத்தில் அந்த முயற்சி தோற்றது. நாட்டின் தெற்குப் பகுதி விடுதலை ஆயிற்று. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் இருந்த மேற்குப் பகுதி மாட்டிக்கொண்டது. வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க, மேற்கே உணவு போவதை ஜெர்மானியர் தடுத்தார்கள். நவம்பரில் படகில் மட்டும் கொண்டுபோகலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்குள் கால்வாய்கள் உறைந்துவிட்டன.

அந்தக் குளிர்காலத்துக்குப் பசிக் குளிர்காலம் என்றே பெயர். எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, நிலக்கரி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ரேஷன் அட்டைக்குக் கிடைத்தது நவம்பர் கடைசியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே. பிப்ரவரியில் ஏறக்குறைய 580. சட்னி, சாம்பார் இல்லாத பத்து இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான், வெளியே உறைபனி. பெண்கள் டயர் இல்லாத சைக்கிளில் பல மைல் போய்க் கிராமத்து விவசாயிகளிடம் படுக்கை விரிப்பையும் கல்யாண மோதிரத்தையும் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்கள். தெரு மரங்களை வெட்டினார்கள். டிராம் தண்டவாளங்களுக்கு இடையே பதித்திருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்தார்கள். நாஜிகள் பிடித்துக்கொண்டு போய்க் கொன்ற யூதர்களின் வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றின் கதவு, உத்தரம், படிக்கட்டு எல்லாம் அடுப்புக்குப் போயிற்று. ஆம்ஸ்டர்டாமில் பெட்டி செய்ய மரமில்லாமல், ஒரு தேவாலயத்துக்குள் உடல்களை வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

அந்த நிலையில்தான் ஊருக்கு வெளியே கிடங்குகளில் டியூலிப் கிழங்குகள் குவிந்து கிடந்தன. போரினால் ஏற்றுமதி நின்றிருந்தது, நடவும் குறைந்திருந்தது. கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறது என்று அதிகாரிகளும் மருத்துவர்களும் பார்த்து, அதை உணவாக விற்க அனுமதித்தார்கள். சமையல் குறிப்பும் வெளியிட்டார்கள்: பழுப்புத் தோலை உரிக்கவும், இரண்டாக வெட்டி, நடுவிலிருக்கும் மஞ்சள் முளையை எடுத்தெறியவும், அது உடம்புக்கு ஆகாது, மீதியை உருளைக்கிழங்கு போல வேகவைக்கவும். சிலர் அரைத்து மாவாக்கி ரொட்டி தட்டினார்கள், சிலர் கஞ்சி காய்ச்சினார்கள்.

கொஞ்சம் மேலே நான் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். நடுவிலிருக்கும் முளை என்பது என்ன? மறு ஆண்டு பூக்க வேண்டிய பூ. குறிப்பில் எடுத்தெறியச் சொன்னது அதைத்தான்.

அப்படிப் பிழைத்தவர்களில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. ஆர்ன்ஹெமுக்குப் பக்கத்து ஊரில் இருந்தவள். பின்னாளில் உலகமே அறிந்த நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் அவர். யுனிசெஃப் தூதராக எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் அவர் போனதன் பின்னணியில் அந்தக் குளிர்காலமும் இருந்தது.

இன்னொன்று, மருத்துவம் தெரிந்தவர்களுக்கு ஆர்வமாக இருக்கும். தி ஹேக் நகரில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், சில குழந்தைகளுக்குத் தீராத வயிற்றுப்போக்கும் மெலிவும் வருவதற்குக் கோதுமைதான் காரணமோ என்று 1930-களிலிருந்தே சந்தேகப்பட்டு வந்தார். பசிக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. இன்று கடைகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அட்டையில் எழுதி வைத்திருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. 1950-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் டியூலிப் கிழங்கைச் சமைத்துப் பார்க்க வேண்டாம். இன்று விற்பனைக்கு வருபவை பூஞ்சைக்கொல்லி மருந்தில் நனைத்தவை. நர்கிஸ் இனத்துக் கிழங்குகள் அசல் விஷம்.

1945 ஏப்ரல் 29-ஆம் தேதி முதல், சுடமாட்டோம் என்று ஜெர்மானியர் ஒப்புக்கொண்ட பேச்சின் பேரில், பிரிட்டிஷ் விமானங்களும் பிறகு அமெரிக்க விமானங்களும் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. குண்டு போட்ட அதே விமானங்கள். மொத்தம் பத்தாயிரம் டன்னுக்கு மேல். மேலேயிருந்து எடுத்த ஒரு புகைப்படம் உண்டு: டியூலிப் வயலில் பூக்களையே எழுத்தாக்கி, விமானிகள் படிக்கும்படி ‘மிக்க நன்றி’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு ஒரு கணக்குத் தோன்றும். ஏப்ரல் கடைசியில் பூ இருந்தால், அந்தக் கிழங்குகள் 1944 இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ரயில் நின்று, எரிவாயு நின்று, ரேஷன் குறைந்துகொண்டே வந்த அந்த மாதங்களில் யாரோ குனிந்து நட்டிருக்கிறார்கள். தைப் பொங்கலுக்கு நாம் அடுப்பேற்றும் நாட்களில் அவர்களுக்கு அடுத்த வேளை என்ன என்று தெரியாது. வயலில் பனிக்கடியில் தின்னக்கூடிய கிழங்கு இருந்தது. எல்லாவற்றையும் தோண்டித் தின்றுவிடவில்லை.

விதை நெல்லைக் குத்திச் சாப்பிடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது விளங்கும். ஆனால் விதை நெல்லாவது மறுபடியும் சோறாகும். டியூலிப் வெறும் பூ. அதைத் தின்றவர்களை நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லமாட்டேன். பிள்ளை பசியில் அழும்போது பூவாவது, கிழங்காவது. இரண்டையும் ஒரே ஊரார் செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மே 5-ஆம் தேதி விடுதலை. மேற்கு நெதர்லாந்துக்குள் நுழைந்த படை கனடாவின் படை. அந்த நாட்டை மீட்கும் போரில் 7,600-க்கும் மேற்பட்ட கனடியர்கள் உயிரிழந்தார்கள். ஜூலியானா குழந்தைகளோடு நாடு திரும்பினார். இரண்டு வயதான மார்கிரீட் அப்போதுதான் முதல்முறையாகத் தன் நாட்டைப் பார்த்தாள்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜூலியானா ஒட்டாவா நகரத்துக்கு 1,00,000 டியூலிப் கிழங்குகளை அனுப்பினார். கவனியுங்கள், விடுதலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரேஷன் இன்னும் தொடர்ந்தது, பாலங்கள் இடிந்து கிடந்தன. ஒரு வருஷத்துக்கு முன்னால் தட்டில் விழுந்த அதே பொருள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறியது. பெட்டியைத் திறந்த ஒட்டாவாத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது வெங்காயம் மாதிரி ஒரு குவியல். வாங்கிய அன்று பார்த்து மகிழ அதில் ஒன்றுமே கிடையாது. நட்டுவிட்டு, ஒட்டாவாவின் குளிரைத் தாண்டி, அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும். நன்றிக்கு இதைவிட மெதுவான வழி இருக்க முடியாது.

1946-இல் மீண்டும் 20,500 கிழங்குகள் வந்தன. ஒரு பகுதியைத் தம் குழந்தை பிறந்த மருத்துவமனை வளாகத்தில் நட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1948-இல் அவர் அரசியானார், 1980-இல் பட்டத்தை மகளுக்கு விட்டுக்கொடுத்தார், 2004-இல் மறைந்தார். கிழங்கு அனுப்புவது நிற்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் 20,000 கிழங்குகள் போகின்றன. பாதி அரச குடும்பத்திலிருந்து, பாதி டச்சுக் கிழங்கு விவசாயிகளிடமிருந்து.

ஒட்டாவாவில் மலாக் கார்ஷ் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். சர்ச்சிலின் முறைத்த முகத்தைப் படமெடுத்துப் புகழ்பெற்ற யூசுஃப் கார்ஷின் தம்பி. ஆர்மீனியக் குடும்பம், துருக்கியில் நடந்த படுகொலைகளின் காலத்தில் ஊரை விட்டுத் தப்பியவர்கள். இந்தப் பூக்களைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தவர் அவர். அவர் யோசனையின்பேரில் 1953-இல் டியூலிப் திருவிழா தொடங்கிற்று. அகதியாக வந்த இளவரசி அனுப்பிய பூவுக்கு, புலம்பெயர்ந்து வந்த ஒருவர் எடுத்த விழா. கனடாவில் வாழும் ஈழத் தமிழர் குடும்பங்கள் மே மாதத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பூக்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது.

இப்போது நகரம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பூக்கள். ஹாலந்து அனுப்புவது அதில் சிறு பங்குதான். மற்றதை நகரத்தார் தாங்களே வாங்கி நடுகிறார்கள். 2020-ஆம் ஆண்டு மே மாதம், விடுதலையின் 75-ஆம் ஆண்டு நிறைவு. பெரிய விழாவுக்கு ஏற்பாடு செய்து 2019 இலையுதிர் காலத்திலேயே நட்டுவிட்டிருந்தார்கள். கொரோனா வந்தது. விழா இணையத்தில் மட்டும் நடந்தது. மண்ணுக்குள் போயிருந்தவற்றுக்குச் செய்தி தெரியாது. அவை வழக்கம்போலப் பூத்தன.

இந்த இதழ் உங்களுக்கு வந்து சேரும் நாட்களில் அங்கே நடவு முடிந்திருக்கும், அல்லது முடிகிற தறுவாயில் இருக்கும். அடுத்த கோடைக்குப் பிள்ளைகளிடம் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும்போது மே நடுவில் ஒரு வாரத்தை ஒட்டாவாவுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். டௌஸ் ஏரிக்கரையில் கமிஷனர்ஸ் பூங்காதான் பெரிய இடம். நேரமிருந்தால் அங்கிருந்து சிவிக் மருத்துவமனை வளாகத்துக்கும் போய்ப் பாருங்கள், தூரம் அதிகமில்லை. ஏப்ரலில் போனால் வெறும் இலைதான் இருக்கும், ஜூனில் போனால் அதுவும் இருக்காது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.